ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

டிஸ்கி: நான் படிப்பது பி.காம். எனக்குத் தெரிந்ததெல்லாம் டெபிட், கிரெடிட்தான். ஆகவே இதை யாரும் வைத்திய ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வீட்டில் ஒரு பெரிய மனுஷி பட்ட பாட்டைப் பார்த்துவிட்டு, டாக்டர்களிடம் கேட்டும் தேடிப் படித்தும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். அவ்வளவுதான்.

எங்கள் அப்பாயிக்கு (அப்பாவின் அம்மா. தஞ்சாவூர்ப் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்) எழுபது வயதுக்கு மேல் ஆகிறது. கீழ்வேளூரைச் சுற்றி அவர் கால் படாத வயல் குறைவு. குறுவை, சம்பா, தாளடி என்று நாற்பது வருடம் குனிந்த முதுகு. 2018-ல் கொல்லைப்பக்கம் வழுக்கி விழுந்து கையை ஊன்றியதில் மணிக்கட்டு உடைந்துவிட்டது. நின்ற இடத்திலேயே விழுந்ததற்கு எலும்பு உடையலாமா என்று டாக்டருக்குச் சந்தேகம். எலும்பு அடர்த்தி பார்க்கச் சொன்னார். எலும்புப்புரை. முதுகில் இரண்டு முள்ளெலும்புகள் எப்போதோ நசுங்கியிருப்பதும் எக்ஸ்ரேயில் தெரிந்தது. நடவு நட்டு நட்டு விழுந்த கூன் என்றுதான் நாங்கள் எல்லோரும் அதுவரை நினைத்திருந்தோம்.

அன்று ஆரம்பித்ததுதான் ஞாயிற்றுக்கிழமை மாத்திரை. அலெண்ட்ரோனேட், 70 மில்லிகிராம், வாரத்துக்கு ஒன்று. காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும் என்பதால் அரை மணி நேரம் படுக்கக் கூடாது. அந்த அரை மணிக்கு காபியும் கூடாது. தஞ்சாவூர் ஜில்லாவில் விடிந்து அரை மணி நேரம் காபி இல்லாமல் ஒருவரை உட்கார வைப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று மற்ற ஊர்க்காரர்களுக்குப் புரியாது! ஞாயிறுதோறும் மாத்திரையை எடுத்துக் கொடுத்து, அப்பாயி படுத்துவிடாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருப்பது என் டூட்டி. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

2023 தொடக்கத்தில் அப்பாயிக்குக் கீழ்க் கடைவாய்ப்பல் ஆடி, வீங்கி, ராத்திரியெல்லாம் வலி. ஒரு பல் மருத்துவமனைக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் கேட்டார்:

"சுகர், பிரஷர் இருக்கா பாட்டிம்மா? வேற எதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?"

"சக்கரைக்கும் பிரஷருக்கும் சாப்புடுறேன் தம்பி. வேற ஒண்ணும் கெடையாது."

அப்பாயி பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் மாத்திரை என்றால் தினமும் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் போடுவது. வாரத்துக்கு ஒருநாள் போடுவது சத்து மாத்திரை. பக்கத்தில் நின்றுகொண்டிருந்த எனக்கும் அது ஞாபகத்துக்கு வரவில்லை. இரண்டு நாள் முன்புதான் என் கையால் எடுத்துக் கொடுத்திருந்தேன்.

சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டுப் பல்லைப் பிடுங்கினார்கள். ஒரு வாரத்தில் ஆறிவிடும் என்றார்கள். மூன்று வாரமாயிற்று, ஆறவில்லை. பல் இருந்த குழியில் வெள்ளையாய் ஏதோ தெரிந்தது. சோற்றுப் பருக்கை ஒட்டியிருக்கிறது என்று அப்பாயி உப்புத் தண்ணீர் விட்டு விட்டுக் கொப்பளித்தார். போகவில்லை. அது பருக்கை இல்லை, எலும்பு.

மறுபடி போனோம். புண்ணுக்கு மருந்து கொடுத்தார்கள். கொஞ்சம் அடங்கும், மறுபடி சீழ் வரும். இப்படியே இரண்டு மாதம் ஓடியது. கடைசியில் ஒரு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனபோது, அங்கிருந்த டாக்டரம்மா வாயைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "எலும்புக்குன்னு வாரத்துக்கு ஒண்ணு, மாசத்துக்கு ஒண்ணுன்னு மாத்திரை, இல்லாட்டி ஆறு மாசத்துக்கோ வருஷத்துக்கோ ஒரு ஊசி, டிரிப்பு... இப்படி எதாச்சும் போட்டிருக்கீங்களா பாட்டி?"

அப்பாயி முகம் மலர்ந்து சொன்னார்: "ஞாயித்துக்கெழம மாத்திரையக் கேக்குறியா கண்ணு?"

எனக்குக் காலுக்குக் கீழே தரை இல்லாதது மாதிரி இருந்தது.

சரி, விஷயத்துக்கு வருவோம். நம் எலும்பு செங்கல் சுவர் மாதிரி ஒருமுறை கட்டி முடித்தது அல்ல. பழையதை இடிக்க ஒரு வகை செல், புதியதைக் கட்ட இன்னொரு வகை செல் என்று வாழ்நாள் முழுக்க மராமத்து நடக்கிறது. வயதானபின், குறிப்பாகப் பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின், இடிக்கிற வேலை கட்டுகிற வேலையை முந்திவிடுகிறது. வரவைவிடச் செலவு அதிகம். அலெண்ட்ரோனேட், ரைசெட்ரோனேட், ஐபாண்ட்ரோனேட், சோலெட்ரோனிக் ஆசிட் என்ற பிஸ்பாஸ்போனேட் குடும்பத்து மருந்துகள் இடிக்கிற செல்லை முடக்குகின்றன. டெனோசுமாப் என்ற ஊசி வேறு குடும்பம், ஆனால் அதுவும் அந்த செல்லைத்தான் கட்டிப்போடுகிறது. செலவைக் குறைத்தால் இருப்பு நிற்கும் அல்லவா? எலும்பு நிற்கிறது.

தாடை எலும்புக்கு மட்டும் இதில் ஒரு வம்பு இருக்கிறது. மற்ற எலும்புகள் தோலும் சதையும் போர்த்திப் பத்திரமாக இருக்கின்றன. தாடையில் பல் ஈறைத் துளைத்துக்கொண்டு வெளியே நிற்கிறது. வாயிலோ கோடிக்கணக்கில் கிருமி. பல்லைப் பிடுங்கினால் எலும்பு வெளியுலகத்தைப் பார்க்கிறது. கெட்டுப்போன எலும்பைச் சுத்தம் செய்து புதிதாகக் கட்டினால்தான் அந்தக் குழி மூடும். சுத்தம் செய்கிற ஆளைத்தான் மருந்து கட்டிப்போட்டிருக்கிறதே! குழி மூடாமல் எலும்பு காற்றில் கிடந்து செத்துப்போகிறது. இந்த மருந்துகளை எடுத்தவருக்கு, தாடையில் கதிர்வீச்சு சிகிச்சை எதுவும் பெறாமலே, எட்டு வாரத்துக்கு மேலும் எலும்பு வெளியே தெரிந்தால் மருந்து சார்ந்த தாடை எலும்புச் சிதைவு என்று பெயர் வைக்கிறார்கள். மேல்தாடையைவிடக் கீழ்த்தாடையில் அதிகம். பல் பிடுங்காமலும் வரலாம், பொருந்தாத பல்செட் உரசி உரசிப் புண்ணானால்கூடப் போதும். சர்க்கரை நோய், ஸ்டீராய்டு, ஈறு நோய் இருந்தால் வாய்ப்பு கூடும். அப்பாயிக்குச் சர்க்கரை இருந்தது. போதாததற்கு வெற்றிலை, சீவலோடு புகையிலையும்.

இதை உலகம் கண்டுபிடித்ததே சமீபத்தில்தான். அமெரிக்காவில் அலெண்ட்ரோனேட் எலும்புப்புரைக்கு அனுமதி பெற்றது 1995-ல். எட்டு வருடம் கழித்து, 2003-ல், மயாமியில் ராபர்ட் மார்க்ஸ் என்ற தாடை அறுவை மருத்துவர், இந்த வகை மருந்து எடுத்த 36 பேருக்குத் தாடை ஆறாமல் போனதை எழுதினார். (எங்கள் ஊர்ப் பக்கம் மார்க்ஸ் என்றால் தாடி வைத்த வேறொருவர்தான் ஞாபகத்துக்கு வருவார். இவர் அவரில்லை!)

ஆனால் தாடை இப்படி அழுகுவதை அதற்கும் நூறு வருடம் முன்பே மனிதர்கள் பார்த்திருக்கிறார்கள். எங்கே தெரியுமா? தீப்பெட்டித் தொழிற்சாலையில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தீக்குச்சி மருந்தில் வெள்ளைப் பாஸ்பரஸ் சேர்ப்பார்கள். அந்தப் புகையை மாதக்கணக்கில் சுவாசித்த தொழிலாளிகளுக்குப் பல்வலியில் ஆரம்பித்துத் தாடையே செத்துப்போகும். 1845-ல் வியன்னாவின் டாக்டர் லோரின்சர் இதை விவரித்து எழுதினார். 1888-ல் லண்டனில் பிரையன்ட் அண்ட் மே கம்பெனியின் பெண் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தபோது, அபராதம், அற்பக் கூலியோடு இந்தத் தாடை நோயும் ஊர்ப்பேச்சானது. 1906-ல் பெர்ன் நகரில் வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடை செய்ய நாடுகள் உடன்பட்டன. இந்தியாவில் 1913-ல் தடைச் சட்டம் வந்தது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்து சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கியது 1920-களில். சட்டம் பத்து வருடம் முந்திக்கொண்டது. சிவகாசிக்கு வேறு எத்தனையோ துயரங்கள் வந்தன, இந்த ஒன்று பெரும் நோயாக வந்து சேரவில்லை.

பிஸ்பாஸ்போனேட் என்ற பெயரிலேயே பாஸ்பரஸ் ஒளிந்திருப்பதைக் கவனித்தீர்களா? அன்றைய பாஸ்பரஸ் புகை உடம்புக்குள் போய் இந்த மருந்துகளைப் போன்ற ஒரு பொருளாக மாறியிருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அன்றும் யாரும் தீப்பெட்டியையே ஒழிக்கவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆபத்து எங்கே இருக்கிறது என்று பார்த்து அதை மட்டும் எடுத்தார்கள்.

இதை நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அப்பாயி வலியில் துடித்த கோபத்தில், ஆறாத அந்தக் குழியைப் படம் எடுத்து, "எலும்பு மாத்திரை தாடையை அழுக வைக்கும், உடனே நிறுத்துங்கள்" என்று வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்கள் குழுவுக்கு அனுப்பினேன். எல்லோரும் அழுகிற பொம்மை போட்டார்கள். சிலர் வேறு குழுக்களுக்கும் அனுப்பினார்கள். பெரிய சேவை செய்துவிட்ட நினைப்பு எனக்கு.

சிக்கலில் இருக்கும் பெரியம்மா அப்போதுதான் ஆறு மாதமாக அதே மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என் படத்தைப் பார்த்த அன்றே அட்டையோடு குப்பையில் போட்டிருக்கிறார். யாரிடமும் கேட்கவில்லை, டாக்டரிடமும் சொல்லவில்லை. அடுத்த வருடம் ஐப்பசி மழையில் வாசற்படியில் சறுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தது. ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். ஊர் முழுக்க நடந்து திரிந்தவர், இன்று கட்டிலில் இருந்து கழிப்பறைக்குப் போக வாக்கரும் ஓர் ஆளும் வேண்டும். மாத்திரையைத் தொடர்ந்திருந்தால் உடைந்தே இருக்காது என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது. பெரியம்மாவும் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. பார்க்கப் போனபோது, "நீ அனுப்புனதப் பாத்துத்தான்டா நிறுத்துனேன், நல்லதுக்குத்தானே சொன்ன" என்றார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

அதற்குப் பிறகுதான் கணக்குப் படிக்கிறவன் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். எலும்புப்புரைக்காக பிஸ்பாஸ்போனேட் எடுப்பவர்களில் தாடைச் சிக்கல் வருவது பத்தாயிரத்தில் 2 முதல் 5 பேருக்கு. இது அமெரிக்கத் தாடை அறுவை மருத்துவர் சங்கம் 2022-ல் தொகுத்துச் சொன்ன கணக்கு. டெனோசுமாப் என்றால் 4 முதல் 30 வரை. மறுபக்கம் பாருங்கள். வருடத்துக்கு ஒருமுறை ஏற்றும் சோலெட்ரோனிக் ஆசிட் டிரிப்பை 7,700-க்கும் மேற்பட்ட பெண்களிடம் மூன்று வருடம் சோதித்த முடிவு 2007-ல் வந்தது. மருந்து இல்லாத டிரிப் ஏறியவர்களில் 2.5 சதவீதம் பேருக்கு இடுப்பு உடைந்தது, மருந்து ஏறியவர்களில் 1.4 சதவீதம். பத்தாயிரத்துக்குக் கணக்குப் போட்டால் சுமார் 110 இடுப்புகள் தப்பின. முதுகெலும்பு நசுங்குவது 10.9 சதவீதத்திலிருந்து 3.3 ஆனது. அதே சோதனையில் தாடைச் சிக்கல் மொத்தம் இரண்டு: மருந்து ஏறியவர்களில் ஒருவர், ஏறாதவர்களில் ஒருவர்.

பத்தாயிரத்தில் ஐந்து பேரை விட்டுத் தள்ளலாம் என்று சொல்லவரவில்லை. அந்த ஐந்தில் ஒருவர் என் அப்பாயி. ஆனால் ஐந்து பேரைக் காப்பாற்ற நூறு பேரின் இடுப்பை உடைப்பது எந்த லெட்ஜரிலும் டேலி ஆகாது. இடுப்பு உடைந்த முதியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஒரு வருடத்துக்குள் போய்விடுகிறார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

புற்றுநோய்க்காரர்கள் கதை வேறு. நோய் எலும்புக்குப் பரவியவர்களுக்கு இதே சோலெட்ரோனிக் ஆசிட் வருடத்துக்கு ஒன்று அல்ல, மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை ஏறும். அவர்களில் தாடைச் சிக்கல் நூற்றுக்குச் சிலருக்கு வருகிறது. அதனால்தான் அவர்களுக்கு முதல் டோஸுக்கு முன்பே பல்லைக் காட்டி, பிடுங்க வேண்டியதைப் பிடுங்கி ஆறவிட்டுவிடச் சொல்கிறார்கள்.

அப்படியானால் என் கட்சி என்ன? மருந்தும் வேண்டும், பல் வைத்தியமும் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு தகவல் போய்ச் சேரவில்லை, அதுதான் குற்றம். சரி, அதைச் சொல்ல வேண்டியது யார் பொறுப்பு?

இன்சூரன்ஸ் பேப்பரில் 'மெட்டீரியல் ஃபேக்ட்' என்று படித்திருப்போம், வகுப்பு நண்பர்களுக்கு ஞாபகம் இருக்கும். பாலிசி எடுப்பவர் முக்கியமான எதையும் மறைக்கக் கூடாது. ஆனால் எது முக்கியம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? தெரியாது என்பதால்தான் கம்பெனி ப்ரபோசல் ஃபாரம் கொடுக்கிறது. "உடம்புக்கு ஏதாவது உண்டா?" என்று மொட்டையாகக் கேட்பதில்லை. சர்க்கரை உண்டா, ஆபரேஷன் நடந்ததா, புகை பிடிப்பீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறது. எது முக்கியம் என்று தெரிந்தவன்தான் கேட்க வேண்டும். இரண்டு லட்ச ரூபாய் பாலிசிக்கு இருக்கிற இந்த நியாயம் ஒரு கிழவியின் தாடைக்கு இல்லாமல் போகலாமா?

"வேற எதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்பது மொட்டைக் கேள்வி. அதற்கு அப்பாயி சொன்னது நேர்மையான பதில். டாக்டரம்மா கேட்டதுதான் ப்ரபோசல் ஃபாரம் கேள்வி. அதைக் கேட்கப் பத்து விநாடி ஆகுமா? மாத்திரையாவது பரவாயில்லை, வீட்டில் அட்டை கிடக்கும். வருடத்துக்கு ஒரு டிரிப் போட்டவரிடம் மாத்திரையைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வார்? போன தைக்குப் போட்ட டிரிப் இந்த மார்கழியில் யாருக்கு ஞாபகம் இருக்கும்? ஆனால் எலும்பு மறப்பதில்லை. பிஸ்பாஸ்போனேட் எலும்பில் வருடக்கணக்கில் தங்கும்.

எழுதிக் கொடுப்பவர்களுக்கும் பங்கு உண்டு. ஐரோப்பாவில் 2015-ல், சோலெட்ரோனிக் ஆசிட், டெனோசுமாப் போடுபவர்களுக்குத் தாடை ஆபத்தைச் சொல்லும் நினைவூட்டு அட்டை ஒன்று கொடுக்க வேண்டும் என்று மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு முடிவு செய்தது. சட்டைப்பையில் வைக்கிற அட்டை, பெரிய விஞ்ஞானமெல்லாம் இல்லை. நம் ஊரில் மருந்துச் சீட்டில் தமிழில் ஒரு வரி எழுதினால் போதும்: "பல் பிடுங்கும் முன் இந்த மருந்தைப் பற்றிச் சொல்லவும்." மருந்துக்கடைக்காரர் கவரில் காலை, மாலை என்று பேனாவால் எழுதுகிறாரே, அதற்குக் கீழே "பல் டாக்டரிடம் சொல்லவும்" என்று எழுதலாம். 2021-ல் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியபின் பிரஷர் மாத்திரை வீடு தேடி வர முடிந்தது. ஒரு வரி எச்சரிக்கை வர முடியாதா?

நம் பங்குக்கு என்ன செய்யலாம் என்பதையும் டாக்டரம்மா சொன்னபடி எழுதிவிடுகிறேன். மருந்து ஆரம்பிக்கும் முன் பல்லைக் காட்டிவிடுவது நல்லது. ஆரம்பித்துவிட்டால் பயந்து நீங்களாக நிறுத்தாதீர்கள். பிஸ்பாஸ்போனேட்டை ஒரு வாரம் நிறுத்துவதால் எலும்பில் இருப்பது போய்விடாது. டெனோசுமாப் ஊசியை இஷ்டத்துக்குத் தள்ளிப்போட்டால் முதுகெலும்பு அடுத்தடுத்து நசுங்கும் ஆபத்து இருக்கிறது. எப்போது நிறுத்துவது, எப்போது பிடுங்குவது என்பதை எலும்பு டாக்டரும் பல் டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும். சில பற்களைப் பிடுங்காமல் வேர் சிகிச்சை செய்தே காப்பாற்றலாம். பிடுங்கித்தான் ஆக வேண்டும் என்றாலும், தெரிந்து பிடுங்கினால் காயம் குறைவாகச் செய்து, தையல் போட்டு, ஆறுகிறதா என்று கூப்பிட்டுப் பார்ப்பார்கள். பிடுங்கிய இடம் ஆறாவிட்டாலோ, வெள்ளையாக எலும்பு தெரிந்தாலோ, கீழுதடு மரத்துப்போனாலோ வீட்டில் உட்கார்ந்து கொப்பளித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

இன்னொன்று. கால்சியம் மாத்திரையும் வைட்டமின் டி-யும் இந்தக் கட்டுரையின் வில்லன் இல்லை. நம் வீடுகளில் எல்லாமே "எலும்பு மாத்திரை"தான். அதை இதென்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள். அட்டையில் பெயரைப் படியுங்கள்.

அப்பாயி எப்படி இருக்கிறார்? ஏழு மாதம் மருந்து போட்டுக் கழுவிக் கழுவி, செத்த எலும்புத் துண்டு தானாகப் பிரிந்து வந்தது. அதை எடுத்துச் சுத்தம் செய்து தைத்தார்கள். நெல்மணி அளவுதான் இருந்தது. மூடிவிட்டது. ஐந்து வருடம் முடிந்துவிட்டதால் டாக்டர்கள் இப்போதைக்கு மாத்திரையை நிறுத்திவைத்து, எலும்பு அடர்த்தியை மட்டும் பார்த்து வருகிறார்கள். புகையிலை போயே போச்சு. வெற்றிலை மட்டும் இடித்துக் கொடுத்தால் உண்டு.

பெரியம்மா இப்போது வருடத்துக்கு ஒரு டிரிப் போட்டுக்கொள்கிறார். முதல் டிரிப்புக்கு முன்னால் பல்லைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனது நான். மருந்தின் பெயரையும் போட்ட தேதியையும் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி அவருடைய ஆஸ்பத்திரி மஞ்சப்பையில் வைத்திருக்கிறேன். அதே வாட்ஸ்அப் குழுவில், முன்பு அனுப்பியது தவறு என்றும் எழுதினேன். அதற்கு மூன்று பேர்தான் பதில் போட்டார்கள். மற்ற குழுக்களுக்குப் போன அந்தப் படம் இன்னும் எங்கெல்லாம் சுற்றுகிறதோ தெரியாது. இதை எழுதியதே அதற்காகத்தான்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது உங்கள் பாட்டியின் மாத்திரை டப்பாவை ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். தினமும் போடாத மாத்திரை ஒன்று அதில் கிடந்தால், அதன் பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பல் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள். பக்கத்தில் நின்றுகொண்டு நான் சொல்லாமல் விட்டேன்.